உப்பு யார் உடலில் என்ன செய்கிறது: அன்றும் இன்றும்

1979-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. இண்டியானா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஃபிரீட்ரிக் லஃப்ட், மைரன் வைன்பெர்கர் ஆகியோரின் குழு ஆரோக்கியமான 14 பேரைத் தேர்ந்தெடுத்தது. சிலர் வெள்ளையர், சிலர் கறுப்பினத்தவர். முதலில் நாளொன்றுக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் உப்பு. பிறகு படிப்படியாகக் கூட்டி, கடைசியில் கிட்டத்தட்ட 88 கிராம். அதாவது ஏறத்தாழ பதினைந்து தேக்கரண்டி. உப்பு ஏற ஏற எல்லோருக்கும் இரத்த அழுத்தம் ஏறியது. கறுப்பினத்தவருக்குக் கூடுதலாக ஏறியது.

2023 நவம்பரில் இன்னோர் ஆய்வு வந்தது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமிலும் சிகாகோவிலும் 50 முதல் 75 வயது வரையிலான 213 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு வாரம் வழக்கமான சாப்பாட்டோடு, நாளுக்குச் சுமார் 2,200 மில்லிகிராம் சோடியம் கூடுதலாகச் சேரும்படி உப்புச் சாறுப் பொடியையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்னொரு வாரம் நாளுக்குச் சுமார் 500 மில்லிகிராம் சோடியம் மட்டும் உள்ள உணவு. உப்பு குறைந்த வாரத்தில் மேல் அழுத்தம் 8 புள்ளி இறங்கியிருந்தது. ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு இறக்கம் தெரிந்தது. கறுப்பர், வெள்ளையர், மருந்து சாப்பிடுபவர், சாப்பிடாதவர் என்று பிரித்துப் பார்த்தபோதும் போக்கு பெரிதாக மாறவில்லை.

இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் நடுவே 44 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. 1979-ல் சோதனைக்கு வந்த 14 பேருமே ஆண்கள். 2023-ல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். அன்று கண்ட வித்தியாசத்துக்குக் காரணத்தை மருத்துவம் நெடுங்காலம் இரத்த வழியில், பரம்பரையில் தேடிக்கொண்டிருந்தது. பெண்ணின் உடல் உப்பை எப்படி எதிர்கொள்கிறது என்று கேட்கவே பல பத்தாண்டுகள் பிடித்தன. இனம் என்ற காரணம் அளவுக்கு மீறி நம்பப்பட்டது. பால் என்ற காரணம் அளவுக்கு மீறி மறக்கப்பட்டது. உப்பு ஆராய்ச்சியின் வரலாற்றில் நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆண் உடலே அளவுகோல்

1960-ல் நியூயார்க் நகருக்குக் கிழக்கே, லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தின் மருத்துவர் லூயிஸ் டால் ஒரு வரைபடம் வெளியிட்டார். ஐந்து மக்கள் கூட்டங்கள் அதில் இருந்தன. உப்பை மிகக் குறைவாகச் சாப்பிட்ட அலாஸ்கா எஸ்கிமோக்கள் கீழே. நாளுக்கு 26 கிராம் வாக்கில் உப்பு சாப்பிட்ட வடக்கு ஜப்பானின் அகிடா பகுதி மக்கள் உச்சியில். உப்பு கூடக்கூட இரத்த அழுத்த நோயாளிகளின் விகிதமும் கோடு போட்டதுபோல் ஏறியது. அடுத்து எலிகளில், உப்பு கொடுத்தால் அழுத்தம் எகிறும் ஒரு வம்சத்தையும் எவ்வளவு கொடுத்தாலும் அசையாத இன்னொரு வம்சத்தையும் டால் வளர்த்துக் காட்டினார். ஒரே உப்பு ஒருவரைத் தாக்குகிறது, இன்னொருவரை விட்டுவிடுகிறது என்பது உறுதியானது.

அமெரிக்காவில் 1978-ல் ஃபிரெட்ரிக் பார்ட்டர் குழு மனிதர்களையும் இப்படி இரண்டாகப் பிரித்தது. உப்பு உணர்திறன் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற பிரிவு மருத்துவ நூல்களில் நிலைபெற்றது. 1986-ல் வைன்பெர்கர் இதை அளக்கும் முறையைச் சீராக்கினார். படுத்திருப்பவரின் நரம்பில் நான்கு மணி நேரத்தில் இரண்டு லிட்டர் உப்பு நீர் ஏற்றுவார்கள். மறுநாள் உப்பில்லாச் சாப்பாடு, கூடவே சிறுநீரை வெளியேற்றும் மாத்திரை மூன்று வேளை. உப்பு ஏறிய நிலைக்கும் இறங்கிய நிலைக்கும் இடையே சராசரி அழுத்தம் 10 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் அவர் உப்பு உணர்திறன் உள்ளவர். இரத்த அழுத்த நோயாளிகளில் 51 சதவீதத்தினரும் அழுத்தம் சரியாக இருந்தவர்களில் 26 சதவீதத்தினரும் இந்த வகையில் சேர்ந்தார்கள். நோயாளிகளைத் தனியே எடுத்துப் பார்த்தால் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் இந்த விகிதம் அதிகம்.

வெறும் எண் விளையாட்டாக இதைக் கடந்துவிட முடியாது. அதே மனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001-ல் வைன்பெர்கர் ஒரு முடிவை வெளியிட்டார். அழுத்தம் சரியாகவே இருந்தும் உப்பு உணர்திறன் கொண்டிருந்தவர்கள், இரத்த அழுத்த நோயாளிகளுக்கு நிகராக இறந்திருந்தார்கள். அழுத்தமானியில் அன்றைக்குத் தெரியாத ஆபத்து, உப்புக்கு உடல் காட்டிய பதிலில் ஏற்கெனவே ஒளிந்திருந்தது.

அந்தக் காலத்தின் பெரிய ஆய்வுகள் யாரைக் கொண்டு நடந்தன என்று பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தால் உயிர் பிழைக்கிறது என்று 1967-ல் நிரூபித்த அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வில் 143 பேர். அத்தனை பேரும் ஆண்கள். மாரடைப்பைத் தடுக்கும் வழி தேடி 1970-களில் தொடங்கிய மாபெரும் ஆய்வில் 12,866 பேர். ஒரு பெண்கூட இல்லை. பிள்ளை பெறக்கூடிய வயதிலுள்ள பெண்களை மருந்துகளின் முதற்கட்டச் சோதனையிலிருந்து விலக்கி வைக்கும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1977-ல் வழிகாட்டியது. கருவுக்கு ஆபத்து வரக்கூடாது என்ற அக்கறையில் எழுந்த விதிதான் அது. விளைவு என்னவென்றால், பெண்ணுக்கு எழுதித் தரப்பட்ட மருந்தும் பத்தியமும் ஆணின் உடலில் பார்த்துத் தீர்மானித்தவையாக இருந்தன.

சிறுநீரகம் என்னும் மதகு

உப்பு எப்படி அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதை மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்ஸன் நகரில் இருந்த ஆர்தர் கைட்டன் விளக்கினார். சாப்பிட்ட சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றியாக வேண்டும். ஆரோக்கியமான சிறுநீரகம் அழுத்தம் சற்றே கூடினாலும் உப்பைத் தள்ளிவிடும். மதகு சிக்கிக்கொண்டால் ஏரியில் நீர்மட்டம் ஏறிய பிறகுதானே தண்ணீர் வெளியே போகும். உப்பை எளிதில் விடாத சிறுநீரகமும் அப்படித்தான், அழுத்தம் ஏறிய பிறகே உப்பை வெளியேற்றும். உடல் அந்தக் கூடுதல் அழுத்தத்தை விலையாகக் கொடுத்துத்தான் கணக்கை நேர்செய்கிறது.

ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் அது, உப்பைப் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. உப்பு அதிகம் சாப்பிட்டால் அதன் சுரப்பு குறைய வேண்டும். இரத்தக் குழாய்களும் தளர்ந்து இடம்கொடுக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அழுத்தம் ஏறும்.

கப்பலில் தேடிய காரணம்

இந்த ஏற்பாடு கறுப்பின அமெரிக்கரிடம் ஏன் அதிகம் தடுமாறுகிறது? 1980-களின் இறுதியில் கிளாரன்ஸ் கிரிம், தாமஸ் வில்சன் ஆகிய இருவரும் ஒரு விளக்கம் சொன்னார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களில் வியர்வையாலும் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் உப்பை இழந்து ஏராளமானோர் மடிந்தார்கள். உப்பைப் பிடித்துவைக்கும் உடல் வாய்த்தவர்கள் பிழைத்தார்கள். அவர்களுடைய சந்ததிக்கு அந்தக் குணம் வந்தது என்பது அந்தக் கருத்து. கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும் கதை. பாடநூல்களுக்கும் தொலைக்காட்சிக்கும் போய்ச் சேர்ந்தது.

அடிமை வணிகத்தின் வரலாற்றை ஆழமாக ஆராய்ந்தவர் ஃபிலிப் கர்ட்டின். இந்தக் கருத்துக்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று 1992-ல் அவர் எழுதினார். மேற்கு ஆப்பிரிக்காவில் உப்புப் பஞ்சம் நிலவியது என்ற அடிப்படையே ஆதாரமற்றது என்று காட்டினார்.

இதைவிட அழுத்தமான பதில் களத்திலிருந்து வந்தது. சிகாகோவின் ரிச்சர்ட் கூப்பர், சார்லஸ் ரொட்டிமி ஆகியோரின் குழு, ஒரே மேற்கு ஆப்பிரிக்க வேரிலிருந்து வந்த மக்களைக் கடலின் இரு கரைகளிலும் அளந்தது. நைஜீரியா, கேமரூன், ஜமைக்கா, செயின்ட் லூசியா, பார்படோஸ், சிகாகோவை அடுத்த மேவுட் என்று பல ஊர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இரத்த அழுத்த நோய் 16 சதவீதம், கரீபியன் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. வேர் ஒன்றுதான், ஊர் மாற மாற நோய் இரட்டிப்பானது. 2005-ல் கூப்பர் வெள்ளையர் நாடுகளையும் சேர்த்து ஒப்பிட்டார். ஜெர்மானியரில் 55 சதவீதம் பேருக்கு இரத்த அழுத்த நோய்; கறுப்பின அமெரிக்கரில் 44 சதவீதம். தோலின் நிறத்தில் நோய் எழுதப்பட்டிருந்தால் இந்த எண்கள் இப்படி வந்திருக்க முடியாது.

கறுப்பின அமெரிக்கருக்குள்ளேயே, தோல் கறுக்கக் கறுக்க அழுத்தம் கூடுகிறதா என்று 1991-ல் மைக்கேல் கிளாக் குழு பார்த்தது. வருமானமும் படிப்பும் குறைந்தவர்களிடம் மட்டும் அந்தத் தொடர்பு தெரிந்தது, வசதியானவர்களிடம் தெரியவில்லை. கறுத்த தோலோடு ஏழையாகவும் வாழ்வது அந்தச் சமூகத்தில் எப்படிப்பட்ட சுமை என்பதை உடல் பதிந்து வைத்திருந்தது.

தட்டில் கிடைத்த காரணம்

அமெரிக்காவின் தென்மாநிலங்களின், அதாவது அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா பக்கத்துச் சமையலைப் பார்த்தால் வரலாறு தெரியும். பருத்தித் தோட்ட முதலாளிகள் அடிமைக்கு வாரப் படியாகப் பெரும்பாலும் அளந்து கொடுத்தது, ஒன்பது லிட்டர் அளவு மக்காச்சோள மாவும் ஒன்றரைக் கிலோ வாக்கில் உப்பிட்ட பன்றிக்கறியும். கொழுப்பும் உப்பும் தோய்ந்த அந்தக் கறித்துண்டுதான் கீரைக்கும் பயறுக்கும் சுவை ஏற்றியது. விடுதலைக்குப் பிறகும் அது பழகிய ருசியாக, அம்மாக்களின் கைமணமாகத் தொடர்ந்தது. வடக்கே வேலை தேடிப் போனவர்கள் அதைச் சிகாகோவுக்கும் இண்டியானாபொலிஸுக்கும் கொண்டுபோனார்கள். பின்னாளில் காய்கறிக் கடைகள் கறுப்பினத்தவர் வாழும் தெருக்களைத் தவிர்த்தன. பொட்டலத் தீனியும் வறுத்த கோழியும் அந்த இடத்தைப் பிடித்தன.

அந்தத் தட்டில் உப்பு இருந்தது, பொட்டாசியம் போதவில்லை. பழம், காய், கீரை, பயறு வழியே வரும் பொட்டாசியம், சிறுநீரகம் சோடியத்தை விடுவதற்குத் துணை செய்யும். சான்ஃபிரான்சிஸ்கோவில் கர்ட்டிஸ் மோரிஸ் குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகச் சோதித்தது. ஆரோக்கியமான 38 ஆண்கள். முதலில் பொட்டாசியம் சற்றுக் குறைந்த உணவு. அதன் மேல் உப்பைக் கூட்டியபோது கறுப்பினத்தவரில் 79 சதவீதத்தினருக்கும் வெள்ளையரில் 36 சதவீதத்தினருக்கும் அழுத்தம் எகிறியது. பிறகு உப்பைக் குறைக்காமல் பொட்டாசியத்தை மட்டும் நிறையக் கொடுத்தார்கள். கறுப்பினத்தவரின் உப்பு உணர்திறன் வெள்ளையரின் அளவுக்கு இறங்கிவிட்டது. பிறவி வித்தியாசம் என்று எண்ணியதில் பெரும் பகுதியைச் சாப்பாட்டில் ஒரு கனிமம் அழித்துவிட்டது.

2018-ல் வந்த இன்னோர் ஆய்வு இதற்கு எண்ணிக்கை கொடுத்தது. அமெரிக்கா முழுவதும் 6,897 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். கறுப்பின ஆண்களுக்கு வெள்ளை ஆண்களைவிடக் கூடுதலாக இரத்த அழுத்த நோய் வருவதில் பாதிக்கு மேல், 51.6 சதவீதம், தென்மாநில உணவுப் பழக்கத்தால் விளக்கப்பட்டது. பெண்களிடம் அது 29.2 சதவீதம்தான். ஆணுக்குப் பாதியை விளக்கிய தட்டு, பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கைக்கூட விளக்கவில்லை.

கேட்கப்படாத பாதி

மாதவிடாய் நிற்கும் வரை பெண்ணுக்கு இரத்த அழுத்தம் ஆணைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் உப்பும் அவளை அவ்வளவாகத் தொடாது என்று மருத்துவம் எடுத்துக்கொண்டது. ஆய்வுக்கூட எலிகளும் அதற்கு ஒத்துப்பாடின. பெண் எலியின் சிறுநீரகம் ஆண் எலியைவிட வேகமாக உப்பைத் தள்ளிவிடுகிறது.

1993-ல் அமெரிக்கச் சட்டம் மாறியது. தேசிய சுகாதார நிறுவனத்தின் பணத்தில் மனிதர்களிடம் நடக்கும் ஆய்வுகளில் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் சேர்ப்பது கட்டாயமானது. அதன் பலன் 2001-ல் வெளிவந்த டாஷ் சோடியம் எனப்படும் உணவு ஆய்வில் தெரிந்தது. பங்கேற்ற 412 பேரில் பாதிக்கு மேல் பெண்கள். பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். சாப்பாட்டை ஆய்வாளர்களே சமைத்துக் கொடுத்தார்கள். முப்பது நாளுக்கு ஓர் உப்பு அளவு என மூன்று அளவுகள். வழக்கமான அமெரிக்க உணவில் உப்பை மட்டும் குறைத்தபோது மேல் அழுத்தம் 6.7 புள்ளி இறங்கியது. பழம், காய், பால் நிறைந்த உணவோடு உப்பையும் குறைத்தபோது, வழக்கமான உணவும் அதிக உப்பும் எடுத்த நிலையைவிட 8.9 புள்ளி இறங்கியது. கறுப்பினத்தவருக்குக் கூடுதல் பலன் கிடைத்தது. பெண்களுக்கும் கூடுதலாகவே கிடைத்தது.

கடலுக்கு அப்பால் வடக்குச் சீனத்தின் கிராமங்களிலும் அதே விடைதான் கிடைத்தது. 1,906 பேர் ஒரு வாரம் நாளுக்கு 3 கிராம் உப்பும் அடுத்த வாரம் 18 கிராம் உப்பும் சாப்பிட்டார்கள். உப்பைக் குறைத்தபோது இறங்கியதும் கூட்டியபோது ஏறியதும் பெண்களிடமே அதிகம் என்று 2009-ல் அறிவித்தார்கள். இங்கே கறுப்பர், வெள்ளையர் என்ற பேச்சே இல்லை. ஒரே ஊர், ஒரே பண்பாடு. ஆனாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே வித்தியாசம் நின்றது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 2006-ல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்று. கருப்பையோடு சினைப்பைகளையும் அகற்ற வேண்டியிருந்த 40 பெண்களை, அறுவைக்கு முன்னும் நான்கு மாதம் கழித்தும் ஐவோன் ஷுல்மன் குழு சோதித்தது. அறுவைக்கு முன் உப்பு உணர்திறன் உள்ளவர்கள் 22.5 சதவீதம். பின்பு 52.5 சதவீதம். அதே பெண்கள், அதே மரபணு, அதே சிறுநீரகம். நான்கே மாதத்தில் உப்பு தாக்கும் உடல்கள் இரட்டிப்பாகிவிட்டன. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அழுத்தம் ஏறுவதை வயதின் கணக்கில் எழுதிவந்த மருத்துவத்துக்கு இது பெரிய பதில். ஹார்மோன் போனதும் உப்பின் மீதான காவலும் குறைகிறது.

காவல் இருக்கும் வயதிலும் வேறொரு வழியில் சிக்கல் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் எரிக் பெலின் டி ஷாந்தமெல் குழு பெண் எலிகளை ஆராய்ந்தது. உடற்கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் நேராக அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது. அப்படிக் கூடிய ஆல்டோஸ்டிரோன் இரத்தக் குழாயின் உட்சுவர் தளரும் திறனைக் கெடுக்கிறது. எடை கூடும்போது இளம் பெண்ணின் பாதுகாப்பு ஏன் சரிகிறது என்பதற்கு இது ஒரு வழிகாட்டி. ஆய்வுக்கூட விலங்குகளிலும் ஆண், பெண் இரண்டையும் கணக்கில் கொள்ளும்படி தேசிய சுகாதார நிறுவனம் 2016-ல்தான் விதி கொண்டுவந்தது. அதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெண் எலிகூடப் பல கூடங்களில் இருக்கவில்லை.

இன்று

அமெரிக்க அரசின் 2010-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி, கறுப்பின அமெரிக்கர் அனைவரும் எந்த வயதினராயினும் சோடியத்தை 1,500 மில்லிகிராமுக்குக் குறைக்க வேண்டும் என்றது. அழுத்தம் சரியாக இருந்தாலும் அப்படித்தான். 2015–2020 காலத்துக்கான அடுத்த பதிப்பில் அந்த வரி இல்லை. அழுத்தம் ஏறியவர்களுக்கும் ஏறத் தொடங்கியவர்களுக்கும் அந்த அளவு என்று மாறியது. சிறுநீரகத் திறனைக் கணிக்கும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கெனச் சேர்த்திருந்த தனிப் பெருக்கு எண் 2021-ல் நீக்கப்பட்டது. இதய நோய் ஆபத்தைக் கணிக்க அமெரிக்க இதயச் சங்கம் 2023-ல் வெளியிட்ட சூத்திரத்தில் இனத்துக்கு இடமில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது. நாற்பது ஆண்டு ஆராய்ச்சி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை இந்த ஒரு மாற்றமே சொல்லிவிடும்.

கறுப்பின அமெரிக்கரிடம் இரத்த அழுத்த நோய் இன்றும் அதிகம்தான். அதை மறைத்துப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். அந்தச் சுமை எங்கிருந்து வருகிறது என்ற பதில்தான் மாறியிருக்கிறது. பரம்பரை என்று சொல்லிவிட்டால் அரசும் உணவு நிறுவனமும் கைகழுவிவிடலாம். தட்டும் தெருவும் வறுமையும் என்று தெரிந்த பிறகு கைகழுவ முடியாது. அமெரிக்கர் சாப்பிடும் சோடியத்தில் 71 சதவீதம் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் சேர்க்கப்பட்டது என்று 2017-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. வீட்டு அடுப்பிலும் சாப்பாட்டு மேசையிலும் சேர்ப்பது இரண்டும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு வாக்கில்தான். உப்பு டப்பாவை ஒளித்துவைக்கும்படி நோயாளிக்குச் சொல்லி அனுப்பினால் பாதிக் கதைகூட முடியாது. ரொட்டியிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சோடியத்தைக் குறைக்கும்படி 2021-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இலக்குகள் கொடுத்தது, அவை கட்டாயமில்லை. அவற்றைக் கட்டாயமாக்குவதுதான் நியாயம்.

பொட்டாசியத்தின் பலமும் களத்தில் நிரூபணமாகிவிட்டது. சீனத்தின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்களும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக்கூடாது.

ஒருவருக்கு உப்பு உணர்திறன் உண்டா என்று மருத்துவமனையில் எளிதாகக் கண்டறியும் பரிசோதனை இன்றும் இல்லை. இரண்டு லிட்டர் உப்பு நீரை எல்லோருக்கும் ஏற்றிப் பார்க்கவும் முடியாது. அதனால்தான் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு மதிப்பு அதிகம். 2023 ஆய்வில் ஆண், பெண் வித்தியாசமும் பெரிதாகத் தெரியவில்லை; அதில் இருந்தவர்களின் வயது அதற்குக் காரணமாக இருக்கலாம். ஐம்பதைக் கடந்தால் உப்பு பெரும்பாலோர் உடலைத் தொடத் தொடங்குகிறது.

கறுப்பினப் பெண் ஒருவர் மருத்துவரின் முன் உட்காரும்போது, அன்று அவருடைய நிறம் ஒரு கட்டத்தில் குறிக்கப்பட்டது, ஆணுக்கென்று வகுத்த பத்தியம் கையில் கொடுக்கப்பட்டது. இன்று அவரிடம் கேட்க வேண்டியவை வேறு: மாதவிடாய் நின்றுவிட்டதா, சினைப்பை அகற்றப்பட்டதா, எடை கூடியிருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் வெளிச்சாப்பாடு, பழமும் கீரையும் கைக்கெட்டும் தூரத்தில் கட்டுப்படியான விலைக்குக் கிடைக்கிறதா. இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கான தகவல் எல்லாம் நம் கையில் வந்துவிட்டது. கேட்காமல் விடுவதற்கு மருத்துவத்துக்கு இனிச் சாக்கு இல்லை.